நடுங்கிய நிலமும் நடுங்காத நெஞ்சும்

1755-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள். போர்ச்சுகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் திருவிழா! புனிதர் அனைவரையும் ஒருசேரப் போற்றிடும் நாள். காலை ஒன்பதரை மணி கடந்துவிட்டது. மாதாகோயில்களிலே மக்கள் வெள்ளம்; பீடந்தோறும் மெழுகுவத்தி ஒளி; மண்டியிட்டோர் உதடுகளிலே மன்றாட்டு. அந்த நேரத்திலே, நிலம் ஆடிற்று.

ஒரு நொடி ஆடி ஓய்ந்துவிடவில்லை. அதிர்ச்சிமேல் அதிர்ச்சியாகச் சில நிமிட நேரம் ஆடிற்று. மண்டியிட்டிருந்தோர் தலைமீது கோபுரம் விழுந்தது. வெளியே ஓடியோர்மீது வீட்டுச் சுவர் விழுந்தது. தப்பியவர்கள், மேலே விழுவதற்கு ஏதுமற்ற வெட்டவெளி தேடி, டேகஸ் ஆற்றங்கரைக்கு விரைந்தனர். ஆறு பின்வாங்கி, அடிமணல் தெரிய, மூழ்கிக் கிடந்த பழங்கலங்கள் தெரிய, வெறுமையாய்க் கிடந்தது. அந்த விந்தையைப் பார்த்து நின்றோர்மீது கடல் எழும்பி வந்தது! ஆழிப்பேரலை அகன்ற பின்னர் நெருப்பு. அடுப்புத் தீயும், பீடங்களிலே பத்தியோடு ஏற்றி வைத்த மெழுகுவத்தியும் சரிந்து, நகரம் ஐந்தாறு நாள் எரிந்தது. இறந்தோர் தொகை 30,000 என்பார் உண்டு. 60,000 என்பாரும் உண்டு. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நகரம் அது.

எவையெவை வீழ்ந்தன? பிரேசில் நாட்டுச் சுரங்கங்களிலே ஆப்பிரிக்க அடிமைகள் தோண்டிய தங்கத்தால் செழித்த அரச மாளிகை வீழ்ந்தது. அதனுள்ளிருந்த 70,000 ஏடுகள் கொண்ட நூலகமும், டிஷியன், ரூபன்ஸ் தீட்டிய ஓவியங்களும் அழிந்தன. அந்த ஆண்டுதான் திறக்கப்பட்ட இசைநாடக மன்றம் சாம்பலாயிற்று. அனைத்துப் புனிதர் பெயர் தாங்கிய மருத்துவமனை, படுத்த படுக்கையாய்க் கிடந்த நோயாளிகளோடு எரிந்தது. மாற்றுக் கருத்தினரைப் பிடித்துவந்து வதைத்து, நெருப்பிலிட வழிசெய்து வந்த மதவிசாரணை மன்றத்தின் மாளிகையும் மண்மேடாயிற்று.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் நம் தோழர்களிலே சிலர் முகத்திலே ஒரு புன்னகை எழக்கூடும். "பார்த்தீர்களா, கொடியவர் கோட்டை விழுந்தது!" என்று கூறிடத் தோன்றும். நமக்கும் முதலில் தோன்றியதுதான். அந்தப் புன்னகைதான் இந்தக் கட்டுரையின் வழக்கு. மருத்துவமனையை எரித்ததும் அதே நெருப்பு என்பதை மறந்தாலன்றி அப்படிப் புன்னகைக்க இயலாது.

லிஸ்பன் செய்தி ஐரோப்பா எங்கும் பரவியதும் தீர்ப்பு எழுதுவோர் கிளம்பிவிட்டனர். லிஸ்பன் பாதிரிமார், மக்கள் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்றனர். இங்கிலாந்திலே ஜான் வெஸ்லி என்னும் சமயப் போதகர், அந்த ஆண்டே ஒரு சிறு நூல் எழுதி, மதவிசாரணை மன்றம் சிந்திய குருதிக்குக் கடவுள் கணக்குக் கேட்கத் தொடங்கியிருக்கக்கூடும் என்ற பொருள்படக் கூறினார். பிரான்சிலே, ஏசுசபையாரைப் பகைத்த ஜான்சனியர், இது ஏசுசபையார் செய்த தீவினையின் விளைவு என்றனர். ஒரே நடுக்கம், இத்தனை தீர்ப்பு! ஒவ்வொருவருக்கும் ஒரு பகைவன் இருந்தான். நிலம் ஆடியது அந்தப் பகைவனுக்காகத்தான் என்று ஒவ்வொருவரும் கண்டுகொண்டனர். அதே நாளில் கடலுக்கு அப்பால் மொராக்கோவிலும் நகரங்கள் இடிந்தன. இஸ்லாமியர் தொழுத பள்ளிவாசல்களும் வீழ்ந்தன. அந்தச் செய்தியை எந்தத் தீர்ப்பிலே சேர்ப்பது?

வெஸ்லியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அவர் கெட்டவரல்ல. பின்னாளில், 1774-இல், அடிமை வாணிபத்தைக் கண்டித்து நூல் எழுதியவர். மதவிசாரணை கொடுமை என்று அவர் சொன்னதும் முற்றிலும் மெய். நோக்கம் நல்லது, துணைக்கு அழைத்த சாட்சிதான் பொய்ச்சாட்சி. நிலத்தைக் கூண்டிலே ஏற்றி, "நீ ஆடியது இவனுக்காகத்தானே?" என்று கேட்டால், அது ஆமென்றும் சொல்லாது, இல்லையென்றும் சொல்லாது. யார் கேட்டாலும் அவர் விரும்பும் விடையையே கேட்டுக்கொண்டு போகலாம்.

லிஸ்பனிலே வேறுவகையாகக் கேள்வி கேட்ட ஒருவர் இருந்தார். மன்னன் ஜோசப்பின் அமைச்சர் கார்வாலோ. பின்னாளில் பொம்பல் பிரபு என்று பட்டம் பெற்றவர். மன்னனோ, கல்லாலான கூரையின்கீழ் படுக்கவே அஞ்சி, கூடாரத்துக்குக் குடிபோய்விட்டான். என்ன செய்வது என்று திகைத்து நின்றவனுக்கு, செத்தவர்களைப் புதைப்பதும் இருப்பவர்களுக்குச் சோறிடுவதும்தான் வேலை என்று அமைச்சர் கூறியதாக ஒரு வழக்கு உண்டு. சொன்னாரோ இல்லையோ, செய்தார். கொள்ளைநோய் பரவாதிருக்கப் பிணங்களைப் படகிலேற்றிக் கடலிலே இறக்கினர். தானிய விலையை ஏற்றவிடாமல் கட்டினார். கொள்ளையரை அச்சுறுத்தத் தூக்குமரங்கள் எழுந்தன.

அவர் செய்தவற்றுள் நமக்குப் பெரிதாகப் படுவது ஒரு கேள்வித்தாள்! நாட்டின் பங்குதோறும் ஒரு பட்டியல் போயிற்று. நடுக்கம் எத்தனை மணிக்குத் தொடங்கிற்று, எவ்வளவு நேரம் நீடித்தது? எந்தத் திசையில் அதிர்ச்சி மிகுதி? எத்தனை வீடு இடிந்தது, எத்தனை பேர் இறந்தனர்? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? நிலத்திலே வெடிப்பு உண்டா? கிணற்று நீரும் ஊற்று நீரும் மாறினவா? நெருப்பு எவ்வளவு சேதம் செய்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்பவேண்டியவர் யார் தெரியுமோ? அந்தந்தப் பங்கின் பாதிரியார்! ஞாயிற்றுக்கிழமை பாவத்தைப் பற்றிப் பேசியவர், திங்கட்கிழமை கிணற்றை எட்டிப் பார்த்து எழுதவேண்டியதாயிற்று. அந்த விடைகள் இன்றும் போர்ச்சுகல் ஆவணக் காப்பகத்திலே உள்ளன. நிலநடுக்க அறிவியலின் தொடக்கங்களுள் ஒன்று என்று அறிஞர் அவற்றைப் போற்றுகின்றனர்.

நகரைத் திரும்பக் கட்டும் பணியை, எண்பது வயதை எட்டிக் கொண்டிருந்த பொறியாளர் மானுவல் தா மாயாவிடம் ஒப்படைத்தார்கள். நேரான அகன்ற தெருக்கள். வீட்டுச் சுவருக்குள்ளே, குறுக்கும் மறுக்குமாய் இணைத்த மரச்சட்டங்களால் ஆன கூண்டு. நிலம் ஆடும்போது கல் விழுந்தாலும் கூண்டு நிற்கும், உள்ளே இருப்பவன் பிழைப்பான் என்பது கணக்கு. மாதிரிக் கூண்டு ஒன்றைச் செய்து, சுற்றிலும் போர்வீரரை மிதித்து நடக்கவிட்டு ஆட்டிப்பார்த்தனர் என்றும் கூறுவர். அந்த வீடுகள் பல இன்றும் நிற்கின்றன.

இதற்கு எதிர்ப்பு எழாதிருக்குமா? 1756-இல் மலகிரிடா என்னும் ஏசுசபைப் பாதிரி, நிலநடுக்கத்தின் உண்மைக் காரணம் இதுவென ஒரு வெளியீடு விடுத்தார். இயற்கைக் காரணம் பேசுவதே இறைநிந்தை. நாடகமும் ஆட்டமுமே நகரை வீழ்த்தின. குடிசை கட்டுவதைவிடத் தவத்திலே அமர்வதே கடமை என்பது அவர் வாதம். வீடிழந்து மழையில் நிற்பவனிடம், கூரை போடாதே, மண்டியிடு என்றார்! பேரச்சத்திலே கிடந்த மக்களுக்கு அந்த வெளியீடு மருந்தாகவா இருந்திருக்கும்? அமைச்சர் அவரை நகரைவிட்டு அகற்றினார்.

அதோடு நின்றிருந்தால் அமைச்சரைப் பாராட்டி மேலே சென்றுவிடலாம். நிற்கவில்லை. மன்னனைக் கொல்ல முயன்ற சதியிலே மலகிரிடாவைச் சேர்த்துச் சிறையிட்டார். முதிய வயதிலே, சிறையிலே, அறிவு கலங்கிய அந்தக் கிழவரை, அதே மதவிசாரணை மன்றத்தைக்கொண்டு மதப்புரட்டர் எனத் தீர்ப்பளிக்கச் செய்து, 1761 செப்டம்பர் 21-இல் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தனர். மன்றத்தின் தலைமையிலே அமைச்சரின் தம்பி! மூடத்தனத்தை வீழ்த்த மூடத்தனத்தின் விறகையே கடன்வாங்கிய செயல் இது. கேள்வித்தாளை அனுப்பிய கையும் இதைச் செய்த கையும் ஒன்றுதான் என்பதை வரலாறு எழுதுவோர் மறைக்கக்கூடாது, நாமும் மறைக்கப்போவதில்லை.

சிந்தனை உலகுக்கு வருவோம். லிஸ்பன் வீழ்வதற்கு முன்பு ஐரோப்பாவிலே ஒரு தத்துவம் கோலோச்சிற்று. இருக்கக்கூடிய உலகங்களிலெல்லாம் சிறந்த உலகம் இதுவே என்று ஜெர்மன் அறிஞர் லைப்னிஸ் 1710-இல் எழுதினார். உள்ளதெல்லாம் நன்றே என்ற பொருளில் ஆங்கிலக் கவிஞர் போப் பாடினார். ஏழை பசித்திருப்பதும் நன்று, செல்வன் கொழுத்திருப்பதும் நன்று, எல்லாம் ஒரு பெரிய ஒழுங்கின் உறுப்பு. தலையெழுத்து என்று நம் ஊரிலே ஒரு சொல்லில் முடித்துவிடுவதை அவர்கள் நூல் நூலாக எழுதினர், அவ்வளவுதான் வேற்றுமை. லிஸ்பன் செய்தி வந்தபோது பிராங்பர்ட் நகரிலே ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், நல்லவரையும் கெட்டவரையும் ஒருங்கே அழித்த படைப்போனை எப்படி அன்புத் தந்தை என்பது என்று குழம்பினான். அச்சிறுவன் வளர்ந்து கவிஞர் கெத்தே ஆகி, முதுமையில் எழுதிய தன்வரலாற்றிலே அதைக் குறித்து வைத்தார்.

வால்டேர் கொதித்தார். 1756-இல் லிஸ்பன் அழிவைப் பற்றிக் கவிதை எழுதினார். 1759-இல் 'காண்டீட்' கதையிலே, எல்லாம் நன்மைக்கே என்று ஓதும் பேராசிரியர் ஒருவரைப் படைத்து உலகையே சிரிக்க வைத்தார். லண்டனையும் பாரிசையும்விட லிஸ்பன் அதிகப் பாவம் செய்ததா என்று அவர் கேட்ட கேள்விக்கு எந்தப் பீடத்திலிருந்தும் விடை வரவில்லை.

ஆனால், வால்டேருக்கு மறுப்பாக ரூசோ எழுதிய மடலை நம் இளைஞர்கள் அவ்வளவாகப் படித்திருக்கமாட்டார்கள். 1756 ஆகஸ்டு 18-இல் எழுதப்பட்டது. ரூசோ கடவுள் நம்பிக்கையைக் கைவிடாதவர். அந்த நம்பிக்கையைக் காக்கவே எழுதினார். எழுதும்போது, தாம் அறிந்தோ அறியாமலோ, வால்டேரும் தொடாத இடத்தைத் தொட்டுவிட்டார். ஆறு மாடி, ஏழு மாடி வீடுகளை இருபதாயிரம் என்று ஓரிடத்திலே நெருக்கி அடுக்கியது இயற்கையா, மனிதனா? மக்கள் பரவலாக, தாழ்ந்த வீடுகளிலே வாழ்ந்திருந்தால் இழப்பு எவ்வளவு குறைந்திருக்கும்? துணியையும் பத்திரத்தையும் பணத்தையும் எடுக்கத் திரும்பி ஓடி எத்தனை பேர் மாண்டனர்? இவை அவர் அடுக்கிய வினாக்கள். நிலத்தின் குற்றம் என்றோ கடவுளின் சினம் என்றோ பேசி வந்த உலகத்தின்முன், வீட்டின் கணக்கை எடுத்து வைத்தார்.

கிழக்குப் பிரஷ்யாவிலே, கோனிக்ஸ்பர்க் என்னும் ஊரிலே, தன் வட்டாரத்தைவிட்டு வெகுதூரம் போயறியாத இளைஞர் ஒருவர், அதே 1756-இல், நிலநடுக்கம் குறித்து மூன்று கட்டுரை தீட்டினார். வயது முப்பத்தொன்று. பெயர் இம்மானுவேல் காண்ட். நிலத்தடியிலே குகைகள் உள்ளன, அவற்றிலே எரியும் வாயுக்களே காரணம் என்று அவர் எண்ணியது பிழை. அட்லாண்டிக் கடலடியிலே பாறை பிளந்து நழுவியதே காரணம் என்பது இன்று நாம் அறிந்தது. நிலநடுக்கம் அலையாகப் பரவுகிறது என்பதை ஜான் மிச்சல் என்னும் ஆங்கில அறிஞர் 1760-இல் எழுதினார். ஆனால், பிழையான விடையிலும் காண்ட் கேட்ட முறை சரியானது. ஸ்காட்லாந்து ஏரி நீர்கூட அதே நாளில் ஏறி இறங்கிய செய்திகள் வந்துகொண்டிருந்தன. அவற்றைத் தொகுத்தார், ஒப்பிட்டார். இடிந்த நகரங்களைத் தண்டனை பெற்ற நகரங்கள் என்று கருதுவது மனிதனின் செருக்கு என்று கண்டித்தார். பெரு நாட்டினர் சுவரின் அடிப்பகுதியை மட்டும் காரைவைத்துக் கட்டி மேலே நாணலால் வேய்கின்றனர் என்பதை எடுத்துக்காட்டி, இயற்கைக்கு ஏற்ப நடக்கக் கற்கவேண்டிய மனிதன், இயற்கை தனக்கேற்ப நடக்கவேண்டும் என எதிர்பார்க்கிறானே என்று வருந்தினார்.

இந்தக் காண்ட்தான், முப்பத்துநான்கு ஆண்டு கழித்து, 1790-இல், அழகைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். நிலநடுக்கம் பற்றி எழுதியவர் அழகு பற்றி ஏன் எழுதினார்? நம்மை நோக்கி அடிக்கடி வீசப்படும் ஒரு குற்றச்சாட்டுக்கு இதிலே விடை இருக்கிறது. "பகுத்தறிவு பேசுகிறீர், இடியை மின்சாரம் என்கிறீர், வானவில்லை ஒளிச்சிதறல் என்கிறீர், உம்மிடம் வியப்பு என்ற ஒன்று எஞ்சுமா?" என்று கேட்கின்றனர், கல்லூரி மேடைகளிலும் கேட்கின்றனர். வரலாறு என்ன சொல்கிறது?

1681-இல் தாமஸ் பர்னட் என்னும் ஆங்கிலப் பாதிரி, உலகத் தோற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். படைத்தபோது பூமி முட்டைபோல் வழவழப்பாக இருந்தது. மனிதன் பாவம் செய்தான், பெருவெள்ளம் வந்தது, பூமி உடைந்தது. அந்த உடைசலே மலைகள்! மலையின் பெருமை அவரையும் மயக்கியதுண்டு. ஆயினும், தத்துவம் என்று வந்தபோது மலை ஒரு பாவச் சின்னம், இடிபாட்டுக் குவியல். லிஸ்பன் வீழ்ந்து இரண்டாண்டில், 1757-இல், எட்மண்ட் பர்க், அச்சமூட்டும் பெரும்பொருள்களிலும் ஒருவகை இன்பம் உண்டு, துன்பம் நெருங்கி அழுத்தாதவரை, என்று எழுதினார். காண்ட் இதை மேலும் ஆழமாக எடுத்துச் சென்றார். கொந்தளிக்கும் கடலும், எரிமலையும், இடிமுழங்கும் வானும் நமக்குப் பெருவியப்பைத் தரும். ஆனால், நாம் பாதுகாப்பான இடத்தில் நின்றால்தான் தரும். நடுங்குபவனால் வியக்க இயலாது. கடவுளின் சினம் என்று எண்ணிக் குப்புற விழுபவன் புயலின் மாண்பைக் காண்பதில்லை. தன் அச்சத்தையே காண்கிறான்.

வியப்பை மூடநம்பிக்கை வளர்த்தது, அறிவு கெடுத்தது என்பார் கூற்று இங்கே தலைகீழாகிறது. தண்டிக்க வந்த தூதன் என்று மின்னலைக் கருதியவரை, அதைக் கண்ணெடுத்துப் பார்க்கவும் அஞ்சினான். ஜெனீவா அறிஞர் சொசூர் 1787-இல் மான்பிளாங் கொடுமுடியில் ஏறியபோது, காற்றழுத்தமானியும் வெப்பமானியும் எடுத்துச் சென்று அளந்தார். அளந்தவர்தாம் அந்தப் பனிமலையின் எழிலையும் ஐரோப்பாவுக்கு எடுத்துரைத்தார்.

காண்ட் நூலிலே ஒரு சிறு செய்தி வருகிறது. சவாய் நாட்டு உழவன் ஒருவன், பனிமலையைப் பார்க்க வருவோரையெல்லாம் முட்டாள்கள் என்றானாம். பண்பாட்டுப் பயிற்சி இல்லாதவனுக்கு அப்படித்தான் தோன்றும் என்பதற்கு எடுத்துக்காட்டாக அதைக் கூறுகிறார் காண்ட். நாம் அந்த உழவன் பக்கம்! அவன் ஆட்டுக்கிடை பனிச்சரிவிலே புதையும். அவன் மகன் பனிப்பிளவிலே விழுவான். விடுதியிலே படுத்து எழுந்து, வழிகாட்டிக்குக் கூலி தந்து மலையேறுபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அவனுக்கு ஏது? பெருவியப்புக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சொன்ன தத்துவஞானி, அந்தப் பாதுகாப்பு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று கேட்க மறந்துவிட்டார். ரூசோ கேட்ட வீட்டுக் கணக்கை இங்கே கொண்டுவந்து சேர்க்கவேண்டும். அலை வந்தால் அடித்துச் செல்லப்படும் குடிசையிலே இருப்பவனிடம், கடலின் எழிலைப் பாடு என்று கேட்பது கொடுமை. அச்சத்தை ஓட்ட அறிவு மட்டும் போதாது; கூரையும் வேண்டும்.

இவ்வளவும் எங்கோ ஐரோப்பாவில் முடிந்த கதை என்று யாரேனும் எண்ணினால், திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்கிறோம், வருக.

1934 ஜனவரி 15-இல் பீகாரிலும் நேபாளத்திலும் நிலம் நடுங்கிற்று. முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் சிதைந்தன, பல்லாயிரவர் மாண்டனர். தீண்டாமை ஒழிப்புக்காக அப்போது நாடு சுற்றிக்கொண்டிருந்த காந்தியார், ஒன்பது நாள் கழித்து, திருநெல்வேலிக் கூட்டத்திலே பேசினார். தீண்டாதார் என நாம் ஒதுக்கி வைத்தோர்க்கு இழைத்த பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை இந்த நடுக்கம் என்று தம்மோடு சேர்ந்து நம்புமாறு கேட்டுக்கொண்டார். வெஸ்லியின் குரல், நூற்றெழுபத்தெட்டு ஆண்டு கழித்து, தாமிரபரணிக் கரையிலே!

தீண்டாமை கொடுமை. அதைக் கண்டித்த காந்தியாரின் நோக்கிலே நமக்கு ஐயமில்லை. ஆனால், சேரியிலே ஒண்டுக் குடிசையில் இருந்து மாண்டவன் எந்தத் தீண்டாமையைக் கடைப்பிடித்தான்? கவிஞர் தாகூர் வெளிப்படையாக மறுத்தார். இயற்கை நிகழ்ச்சிக்கு ஒழுக்கக் காரணம் கற்பிப்பது தகாது. இத்தகைய வாதம் காந்தியாரைவிட அவருடைய எதிரிகளுக்கே பொருத்தமானது. அவர்கள் இதே நடுக்கத்தை அவர் இயக்கத்தின்மீதே சுமத்தக்கூடும் என்று எழுதினார். சுமத்தவும் செய்தனர் சனாதனிகள்! ஆலயக் கதவைத் திறக்கச் சொன்னதால் வந்த கேடு என்றனர். ஒரு பக்கம் காந்தியார், மறுபக்கம் சனாதனி. இருவர் கையிலும் அதே நிலநடுக்கம். லிஸ்பன் காட்சி அப்படியே மறுபடியும்!

காந்தியார் பெருந்தன்மையோடு தாகூரின் மறுப்பைத் தம் 'அரிஜன்' இதழிலேயே, 1934 பிப்ரவரி 16-இல் வெளியிட்டார். வெளியிட்டு, தம் நம்பிக்கையை விடவில்லை என்றும் எழுதினார். நேருவும் தம் தன்வரலாற்றிலே, அந்தப் பேச்சு தமக்குத் தந்த திகைப்பைப் பதிந்துள்ளார். தீண்டாமை தவறு என்பதற்கு நிலம் ஆடவேண்டிய தேவையில்லை. நிலம் ஆடாத ஆண்டிலும் அது தவறே. ஆடினால்தான் தவறு என்றால், ஆடாத ஆண்டுகளிலே சனாதனிக்கு நற்சான்று கொடுத்தவராவோம்.

பீகாரிலே இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் ஊர் ஊராகப் போய், எந்த வீடு எப்பக்கம் சாய்ந்தது, எங்கே மண் பிளந்து மணலும் நீரும் பீறிட்டு வயலை மூடிற்று, கிணறு எங்கே தூர்ந்தது என்று குறித்தனர். பொம்பல் அனுப்பிய பட்டியலில் இருந்த அதே வகைக் கேள்விகள். 1939-இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையிலே, சீதாமரி, மதுபனி ஊர்களை உள்ளடக்கி, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை வரையப்பட்டிருக்கிறது. வீடுகள் அதிர்ந்து விழுந்ததைவிட, மண்ணிலே அமிழ்ந்தும் சாய்ந்தும் போன பகுதி அது. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல், அடியிலே நீர் ஊறிய மணல், குலுக்கியதும் குழம்பாயிற்று. உயர்சாதித் தெருவும் சேரியும் அந்தப் பட்டைக்குள்ளேதான் இருந்தன. இன்று அவ்விடங்களிலே வீடு கட்டுவோருக்கு, அடித்தளம் எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்று சொல்வதற்கு அந்த வரைபடம் பயன்படுகிறது.